மண் சாஸ்திரப் போதனையும் அனுமந்தை நிலங்களும்

மரக்காணத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள அனுமந்தை கிராமத்திற்குக் கிழக்கே கடலும், மேற்கே கழுவெளி நீர்ப்பரப்பும் இருக்கின்றன. வடக்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்கள். இடைப்பட்ட பூமியில் சவுக்கும், மணிலாவும், தர்ப்பூசணியும், நெல்லும் பயிராகின்றன. ஒரே குடியானவருடைய பட்டாவில் மேட்டில் மணலும், சிறிது தூரம் தள்ளிப் பள்ளத்தில் களிமண்ணும், அதற்கப்பால் வெள்ளை பூத்த திட்டுமாக மண் மாறிக்கொண்டே போவது இப்பக்கத்தில் சாதாரணம். இத்தகைய நிலத்தை உடையவருக்கு ஆலோசனை கூற வருபவர் மண் சாஸ்திரத்தை எங்கே, எவ்விதம் கற்றார் என்பது அவருடைய சொந்த விஷயம் மாத்திரமன்று. அவர் தவறாகச் சொன்னால் நஷ்டம் நிலச்சுவான்தாரைச் சேரும்.

வெள்ளை பூத்த திட்டைக் காட்டிப் பரிகாரம் கேட்டால், "ஜிப்சம் இடுங்கள்" என்ற விடை எளிதில் வந்துவிடுகிறது. ஜிப்சம் நல்ல பொருள்தான். களிமண் துகள்களைப் பற்றிக்கொண்டிருக்கும் சோடியத்தை விலக்கி, அவ்விடத்தில் கால்சியத்தை அமர்த்துவது அதன் வேலை. ஆகையால் சோடியம் மிகுந்த களர் நிலத்திற்கு அது மருந்து. கரையும் உப்புக்கள் தேங்கியுள்ள உவர் நிலத்திற்கோ, நல்ல நீரைக் கட்டி அலசுவதும், அலசிய நீர் வெளியேற வடிகால் வெட்டுவதுமே மருந்து. அங்கே ஜிப்சம் இடுவது பணத்தை மண்ணில் கொட்டுவதற்கு ஒப்பாகும். உவரும் களரும் சேர்ந்த நிலம் மூன்றாவது வகை. அதை ஜிப்சம் இன்றி வெறும் நீரால் அலசினால் உப்பு நீங்கிச் சோடியம் தங்கி, மண் குழம்பி இறுகி, முன்னிருந்ததைக் காட்டிலும் மோசமாகிவிடும். ஏக்கர் ஒன்றுக்கு ஒரு டன்னும் அதற்கு மேலும் ஜிப்சம் வாங்க வேண்டியிருக்கும் காரியத்தில், எந்த நிலம் எவ்வகை என்று தெரியாமல் ஆலோசனை கூறுவது எவ்வளவு பெரிய தவறு என்பதை விவரிக்க வேண்டுவதில்லை.

இம்மூன்று வகைகளையும் பிரிக்கும் அளவுகள் மாணவர்களுக்குத் தெரியாதவை அல்ல. அமெரிக்க விவசாய இலாகாவின் உவர் மண் ஆராய்ச்சிச்சாலையார் 1954ல் வெளியிட்ட கைந்நூலில் அவை வரையறுக்கப்பட்டன. சேறாக்கிய மண்ணிலிருந்து உறிஞ்சியெடுத்த நீரின் மின்கடத்துத் திறன் 4 டெசிசைமனுக்கு மேலிருந்தால் உவர்; துகள்கள் பற்றியிருக்கும் கார உலோகங்களில் சோடியத்தின் பங்கு நூற்றுக்கு 15க்கு மேலிருந்தால் களர்; களர் நிலத்தின் கார அமில எண் பெரும்பாலும் 8.5ஐத் தாண்டும். சர்வகலாசாலை மாணவர் எவரும் இதை ஒரே மூச்சில் ஒப்பிப்பார். அவரையே அனுமந்தையில் ஒரு திட்டின் நடுவே நிறுத்தி, இது எவ்வகை என்று வினவினால் விடை எளிதில் வருவதில்லை. இது மாணவருடைய குற்றமன்று. 2016-17ல் இந்திய விவசாய ஆராய்ச்சிக் கழகத்தின் ஐந்தாவது டீன்கள் குழு வகுத்த இளநிலைப் பாடத்திட்டத்தில், பிரச்னை மண்களும் அவற்றைப் பேணும் முறையும் என்னும் பாடத்திற்கு வாரம் இரண்டு மணி நேரம் வகுப்பறைப் போதனை உண்டு. செய்முறை ஒரு மணி நேரமேனும் இல்லை. கெட்ட நிலத்தைத் திருத்தும் வித்தையைக் கெட்ட நிலத்தை மிதியாமலே கற்றுத் தேற அத்திட்டத்தில் இடமிருந்தது. நீச்சலைக் கரையில் கற்பிப்பது போன்ற இம்முறையைக் குடியானவர் ஒருவரும் தம் மகனுக்கு ஏர் பழக்கும்போது கையாளமாட்டார்.

தமிழ் நாட்டில் விவசாயக் கல்வி தொடங்கியது வயலோரத்தில்தான். சைதாப்பேட்டையில் 1868ல் ஏற்பட்ட விவசாயப் பள்ளி 1906ல் கோயமுத்தூருக்கு மாற்றப்பட்டு, 1971ல் சர்வகலாசாலையாயிற்று. கோயமுத்தூரில் 1909ல் தொடங்கிய நிரந்தர எருப் பரீட்சை வயல்களில், ஒரே பாத்திக்கு ஒரே விதமான எருவை ஆண்டுதோறும் இட்டு மண்ணில் நேரும் மாறுதலைக் கவனித்து வந்திருக்கிறார்கள். அதற்கும் முன்னர், 1889ல் இந்திய விவசாயத்தை ஆராய அனுப்பப்பட்ட வோல்க்கர் என்னும் ஆங்கில ரசாயன நிபுணர், தேசம் முழுதும் சுற்றிப் பார்த்து 1893ல் வெளியான அறிக்கையில், சிறந்த இந்தியக் குடியானவர் சராசரி ஆங்கிலக் குடியானவருக்குச் சமமானவர், சில அம்சங்களில் மேலானவர் என்று அபிப்பிராயம் தெரிவித்தார். ரசாயனசாலையிலேயே உட்கார்ந்திருந்தால் அவருக்கு இம்முடிவு கிட்டியிராது. மாணவர் தொகையும் பாடங்களின் தொகையும் பெருகப் பெருக, வயலின் பங்கு குறைந்து கரும்பலகையின் பங்கு வளர்ந்தது. இப்பொழுது கரும்பலகைக்குப் பதிலாகப் படத்திரை.

தானே செய்து கற்கும் முறையால் பலன் உண்டா என்பதற்கு வெளிநாட்டில் கணக்கு இருக்கிறது. விஞ்ஞானம், இஞ்சினீரிங், கணிதம் ஆகிய பாடங்களில் பிரசங்க முறையையும், மாணவரே ஈடுபட்டுக் கற்கும் முறையையும் ஒப்பிட்ட 225 ஆராய்ச்சிகளைத் தொகுத்து, அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகத்தின் வெளியீட்டில் 2014ல் ஒரு கட்டுரை வந்தது. பிரசங்கம் மட்டும் கேட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 34 பேரும், மற்றவர்களில் சுமார் 22 பேரும் தேர்வில் தவறினார்கள். இவை வகுப்பறைக் கணக்குகளே. மண் குழியில் நடத்திய பாடங்களின் கணக்கு என்று எடுத்துக்கொள்ளலாகாது. எனினும் குழியில் பாடம் நடத்தும் வழக்கமும் அத்தேசத்தில் நெடுநாளாக உண்டு. பல கல்லூரிகளின் மாணவர்கள் முன்பின் அறியாத குழிகளில் இறங்கி, அடுக்குகளைப் பிரித்து, நிறமும் பதமும் எழுதி, அந்நிலம் எதற்கு உதவும் என்று தீர்மானிக்கிறார்கள். அனுபவமிக்க நிபுணர் முன்னதாகவே எழுதி வைத்த விடையோடு அதை ஒப்பிட்டு மதிப்பெண் வழங்குகிறார்கள். 1961 முதல் இது தேசப் போட்டியாக நடைபெற்று வருகிறது.

அனுமந்தையில் அவ்வித வகுப்பு நடத்த அயல்நாட்டுச் சாதனம் ஒன்றும் தேவையில்லை. கடப்பாறை, மண்வெட்டி, அளவுநாடா, சில கண்ணாடிப் புட்டிகள், ஒரு குடம் மழை நீர், கையில் அடங்கும் மின்கடத்து மானி இவை போதும். ஆறு அல்லது எட்டு மாணவர்க்கு ஒரு குழி. மூன்றடி அகலம், நான்கடி ஆழம். வெயில் படும் பக்கத்தை நேராகச் செதுக்கி, எதிர்ப்பக்கத்தைப் படியாக விட வேண்டும். மணற்பாங்கான இடத்தில் இடுப்பளவுக்கு மேல் நேர்ச்சுவராக வெட்டுவது ஆபத்து. ஊறும் நீர் எத்தனை அடியில் தென்படுகிறது என்பதைக் குறிப்பதே முதற் பாடம்; அந்நீர் உப்பாகவும் மேலாகவும் இருந்தால், மேலே என்ன செய்தாலும் வடிகாலின்றிப் பயனில்லை என்பதை எந்தப் புஸ்தகமும் அவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

அடுத்து மாணவர் மண்ணை நனைத்து, விரல்களிடையே பிசைந்து நாடா போல நீட்டிப் பார்க்க வேண்டும். நாடா நீளும் அளவே களியின் அளவு. சாம்பல் நிறமும் துருப்பிடித்த புள்ளிகளும் எந்த ஆழத்தில் தொடங்குகின்றனவோ, அதுவரை மழைக்காலத்தில் நீர் தேங்கி நிற்கிறது என்று பொருள். இவ்வளவும் பார்த்த பின், மானியை எடுப்பதற்கு முன்னரே, ஒவ்வொருவரும் தத்தம் முடிவை எழுதிக் கையொப்பமிட்டு உபாத்தியாயரிடம் கொடுத்துவிட வேண்டும்: உவரா, களரா, இரண்டுமா, நன்னிலமா, மின்கடத்துத் திறன் ஏறக்குறைய எவ்வளவு, என்ன பயிர் தகும். பின்னரே கருவி. இம்முறையின் உயிர் இவ்விடத்தில்தான் இருக்கிறது. முதலில் எழுதிக் கொடாதவர் மானி காட்டும் எண்ணைப் பார்த்துத் தமக்கு முன்னமே தெரியும் என்று நினைத்துக்கொள்வார். எழுதிக் கொடுத்துத் தவறியவர் எதனால் தவறினோம் என்று தேடுவார். அத்தேட்டத்தை அவர் மறப்பதில்லை.

புட்டிப் பரீட்சை ஒன்றைத் தனியாகக் கூற வேண்டும். ஒரு பங்கு களிமண்ணை ஐந்து பங்கு மழை நீரில் குலுக்கி வைத்தால், உவர் மண் விரைவில் படிந்து மேல் நீர் தெளியும். களர் மண் இரவு கழிந்தும் கலங்கியே நிற்கும். மாணவர் இதைக் கண்டதும் திட்டு உவர் என்று முடிவு கட்டிவிடுவார். உபாத்தியாயர் அப்பொழுது ஒன்றும் சொல்லாமல், தெளிந்த நீரைக் கொட்டிவிட்டு மீண்டும் மழை நீர் ஊற்றிக் குலுக்கச் செய்ய வேண்டும்; பிறகு மூன்றாம் முறையும். முதலில் தெளிந்த புட்டி மூன்றாவதில் கலங்கி நின்றால், உப்பு மறைத்து வைத்திருந்த சோடியம் வெளிப்பட்டுவிட்டது. அது இரண்டும் சேர்ந்த நிலம். வெறும் நீரால் அலசினால் வயலில் நேரக்கூடிய கேட்டை அரைப்படி புட்டியில் கண்டாயிற்று. இப்பரீட்சையை நிலச்சுவான்தார்கள் தங்கள் வீட்டுத் திண்ணையிலேயே செய்து பார்க்கலாம். மணலில் மட்டும் இது பயன்படாது. மணல் எந்நீரிலும் படிந்துவிடும்.

உப்பளமும் இவ்வகுப்புக்கு ஒரு பள்ளிக்கூடமே. உப்பளத் தொழிலாளர் பாத்தியின் களியை மிதித்து இறுக்கிச் சமன் செய்வது, உப்பு நீர் கீழே இறங்காதிருப்பதற்காக. அடுத்த வரப்பில் நெல் வைத்திருப்பவருக்கு உப்பு நீர் கீழே இறங்கியாக வேண்டும். மண் ஒன்றே, காரியம் நேர்மாறு. ஈரக் களியை மிதித்தால் என்ன ஆகும் என்று பாத்தியில் கண்ட மாணவர், ஈரம் மிகுந்திருக்கும்போது உழவு இயந்திரத்தை வயலில் இறக்கலாமா என்று கேட்பவருக்குக் காரணத்தோடு விடை சொல்லுவார். உப்பு நீரின் கனத்தைக் கண்ணாலும் கையாலும் அறிந்து, அதை எப்பொழுது அடுத்த பாத்திக்கு மாற்றுவது என்று தீர்மானிக்கும் அத்தொழிலாளரை ஒரு மணி நேரத்திற்கு உபாத்தியாயராக ஏற்பதில் எந்தச் சர்வகலாசாலைக்கும் கௌரவக் குறைவு இல்லை.

மண் பரிசோதனைச் சீட்டு வைத்திருக்கும் குடியானவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மேலே கூறிய 4 என்னும் அளவு, மண்ணைச் சேறாக்கி எடுத்த நீருக்கு உரியது. பரிசோதனை நிலையங்களிலோ, வேலை விரைவாக முடிவதற்காக ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு அல்லது இரண்டரைப் பங்கு நீர் கலந்து அளக்கிறார்கள். நீர் மிகுந்தால் எண் குறையும். ஆகையால் சீட்டில் 2 என்றிருந்தால் 4க்குப் பாதிதானே என்று தைரியம் கொள்வது பெரும் தவறு. அக்கணக்கில் 1க்குக் கீழிருந்தால்தான் பயமில்லை என்று கொள்வது வழக்கம். சேற்று நீர்க் கணக்கில் நெல்லுக்கு 3ஐத் தாண்டினால் ஒவ்வொரு அலகுக்கும் மகசூல் நூற்றுக்கு 12 குறைகிறது, மணிலாவுக்கு 3.2ஐத் தாண்டினால் ஒவ்வொரு அலகுக்கும் நூற்றுக்கு 29 போய்விடுகிறது. இரண்டு அளவுகளையும் ஒரே மண்ணில் தாமே அளந்து பார்த்த மாணவர் இவ்விரண்டையும் குழப்பமாட்டார். மனப்பாடம் செய்தவர் குழப்பினால், மணிலா விதைத்தவர் பாதி மகசூலை இழப்பார்.

மண் ஆரோக்கியச் சீட்டுத் திட்டம் ராஜஸ்தானில் சூரத்கர் என்னுமிடத்தில் 2015 பிப்ரவரி 19ந் தேதி தொடங்கப்பட்டபோது, பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒன்றும், மானாவாரியில் பத்து ஹெக்டேருக்கு ஒன்றுமாக மண் எடுப்பதென்று ஏற்பாடாயிற்று. பெரிய தேசத்திற்கு அது தக்க ஏற்பாடே. ஆனால் மேடும் பள்ளமும் திட்டும் ஒரே பட்டாவில் கலந்துள்ள இக்கடற்கரையில், பத்து ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்பது நோயாளிகள் பத்துப் பேருக்கு ஒரே நாடி பார்ப்பதாகும். மாணவர் குழுக்கள் இக்குறையை ஒரு கிராமத்தளவிலேனும் தீர்க்க முடியும். கற்பதும் ஆயிற்று, கிராமத்திற்கு உபயோகமும் ஆயிற்று.

விவசாயப் பட்டப் படிப்பின் கடைசி ஆண்டில் மாணவர் கிராமத்தில் தங்கிப் பயிலும் ஏற்பாடு இப்பொழுது இருக்கிறதே, அது போதாதா என்று வினவலாம். அது நல்ல ஏற்பாடு. அதன் குறை யாதெனில், ஒரே பருவத்தில் முடிந்துவிடுகிறது. உவர் நிலமோ ஆண்டுக்கு இரண்டு முகம் காட்டுவது. கோடையில் அடி நீர் மேலேறி ஆவியாகி, கொண்டுவந்த உப்பை மேற்பரப்பில் விட்டுச் செல்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அவ்வுப்பு கரைந்து கீழே இறங்கியோ வாய்க்காலில் ஓடியோ மறைகிறது. தையில் எடுத்த மேல் மண் நன்னிலம் என்று சொல்லும்; அதே இடத்தில் சித்திரையில் எடுத்தது உவர் என்று சொல்லும். இரண்டும் உண்மை. தைச் சீட்டை நம்பி இறவை மணிலா வைத்தவர், காய் பிடிக்கும் சமயத்தில் உப்பு மேலேறக் கண்டு காரணம் தெரியாமல் விதையையும் எருவையும் பழிப்பார். 2004 டிசம்பர் 26ந் தேதி கடல் புகுந்த நிலங்களிலும் இவ்வுண்மை தெரிந்தது. மறு ஆண்டின் வடகிழக்குப் பருவமழை மிகுதியாகப் பெய்து, வடிகால் வசதியுள்ள நிலங்களில் உப்பைப் பெருமளவு அலசிச் சென்றது. ஒரு முறை மட்டும் கிராமத்திற்கு வரும் மாணவர் நிலத்தின் ஒரு முகத்தையே அறிவார். முதலாண்டு மண் சாஸ்திர வகுப்பிலேயே ஒரு குழியைத் தத்தெடுத்து, கோடையிலும் மழைக்குப் பின்னும் அதே குழிக்கு வந்து, பட்டம் பெறும் வரையில் அதன் கணக்கை எழுதி வருமாறு செய்வதே தக்கது. தேர்விலும் ஒரு பகுதியைக் குழியிலேயே நடத்தி, அந்நிலத்தின் சொந்தக்காரர் எதிரில் மாணவர் தம் முடிவைத் தமிழில் விளங்கச் சொல்லுமாறு விதிக்க வேண்டும். அங்கே சொல்லத் தெரியாதவர் உத்தியோகத்தில் அமர்ந்த பின் எங்கே சொல்லப் போகிறார்?

உபாத்தியாயர்கள் பக்கத்தில் ஆட்சேபங்கள் இல்லாமலில்லை. மாணவர் தொகை அதிகம். வாகனச் செலவு அதிகம். இவ்விதம் கற்பித்தால் புஸ்தகத்தில் பாதி அத்தியாயங்களே முடியும். முதலிரண்டும் பணத்தைப் பொறுத்தவை. கிராமத்தினர் இடமும் நிழலும் கொடுத்தால் சிறிது குறையும். மூன்றாவது உண்மையே. அத்தியாயங்கள் குறையத்தான் செய்யும். விட்டுப்போன அத்தியாயத்தை மாணவர் பின்னால் தாமே வாசித்துக்கொள்ளலாம். குழியைத் தாமே வெட்டிக்கொள்ளும் வசதி எல்லாருக்கும் கிடைப்பதில்லை.

நிலச்சுவான்தார்கள் குழி வெட்ட இடம் தரத் தயங்குவதும் உண்டு. கீழ் மண் மேலே வந்து நிலம் கெட்டுவிடும் என்பது அவர்கள் பயம். அப்பயம் நியாயமானது, கவனமின்றி மூடிய குழியால் அவ்விடம் சில வருஷங்கள் விளையாமற் போகக்கூடும். அடுக்கு அடுக்காக மண்ணைத் தனித்தனியே குவித்து, மூடும்போது அதே வரிசையில் இட்டு மிதித்து, மேல் மண்ணை மேலேயே பரப்பினால் கெடுதல் இல்லை. இதையும் மாணவரே செய்ய வேண்டும். நிலத்தை எடுத்த நிலையில் திரும்பக் கொடுப்பதும் பாடத்தில் சேர்ந்தது. பதிலுக்கு அவர்கள் விட்டுச் செல்லும் குறிப்பு, நிலத்தின் சொந்தக்காரருக்குப் பல வருஷங்களுக்கு உதவும்.

கிராம அதிகாரிகளின் உதவி இதில் பெரிது. எந்தப் புலம் எந்த வருஷம் தரிசாகக் கிடந்தது என்பது அடங்கலில் இருக்கிறது. எந்தக் கிணறு எப்பொழுது உப்பாயிற்று, புயல் வருஷத்தில் கடல் நீர் எந்த எல்லை வரை ஏறியது என்பவை ஊரார் ஞாபகத்தில் இருக்கின்றன. 2011 டிசம்பர் 30ந் தேதி தானே புயல் இக்கரையைத் தாக்கியதை மறந்தவர் இல்லை. கிராம நிர்வாக அலுவலர் புல வரைபடத்தின் நகல் ஒன்றில் இவ்விவரங்களைக் குறித்து மாணவரிடம் கொடுத்தால், எங்கே குழி வெட்டுவது என்பது பாதி தீர்மானமாகிவிடும். கிணற்று நீரையும் ஒரு புட்டியில் எடுத்து உடன் அளக்கச் சொல்ல வேண்டும். மணற் கரையில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கடல் நீர் உள்ளே நகரும். அப்பொழுது பாசனமே உப்பைக் கொண்டுவரும் வழியாகிவிடும்.

முதற் குழிக்கு ஏற்ற காலம், அறுவடை ஒழிந்து நிலம் காலியாக இருக்கும் சித்திரை, வைகாசி மாதங்கள். இரண்டாவது பார்வை தையில். இரண்டு கணக்குகளும் கைக்கு வரும்வரை ஜிப்சம் வாங்குவதை நிறுத்தி வைப்பது நலம். புட்டிப் பரீட்சையில் மூன்றாம் முறையும் நீர் தெளிந்து நிற்கும் களி நிலமானால், அதற்குள் வரப்பை உயர்த்தி, மழை நீரைக் கட்டி, தாழ்ந்த பக்கத்தில் வடிகாலைத் திறந்து வைக்கலாம். கலங்கி நின்றால் ஜிப்சம் எவ்வளவு என்பதைப் பரிசோதனை நிலையத்தில் கேட்டுக்கொண்டு, தக்கைப்பூண்டு விதையைச் சேகரித்து வைக்கலாம். நெல் வைப்பவர்கள் கோ 43, திருச்சி 1 ஆகிய உப்பையும் களரையும் தாங்கும் ரகங்களைப் பற்றி விசாரித்து வைக்கலாம். மாணவர் குழுவுக்கு இடம் தர இசைபவர்கள், புல எண்ணையும் கிணறு இருக்குமிடத்தையும் குறித்துத் திண்டிவனத்திலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்திற்கு மாசி மாதத்திற்குள் எழுதிக்கொண்டால், கோடைக்குள் கல்லூரியோடு கலந்து ஏற்பாடு செய்ய அவகாசம் இருக்கும்.